மழை முந்தினால் வாத்து எங்கே?

கேள்வி: ஐப்பசியிலேயே மழை கொட்டியும் எங்கள் பக்கத்துக் கழுவெளி ஏரியில் வாத்துக் கூட்டம் காணோமே, ஏன்? அந்தக் காலத்து வேட்டைக்காரர்களுக்கு இந்தச் சூட்சுமம் தெரியுமா? (ஒரு வாசகர், மரக்காணம்)

பதில்: மழை கழுவெளிக்கு மட்டும் பெய்வதில்லையே! வடகிழக்குப் பருவமழை ஆரம்பத்திலேயே பலமாக இறங்கி, திண்டிவனம், வானூர்ப் பக்கத்து ஏரிகளும் தாங்கல்களும் ஒருசேர நிரம்பிவிடுகிற வருஷங்களில், வடதேசத்திலிருந்து வரும் ஊசிவால் வாத்துகளும் நீலச்சிறகிகளும், ஊருக்கு ஊர் விருந்திருக்க ஒரே பந்தியில் நெருக்கியடித்து உட்காருவானேன் என்பதுபோலச் சிதறிப்போய், தை மாசியில் அந்நீர்நிலைகள் வற்றத் தொடங்கிய பிறகே கழுவெளியின் உவர்நீரை நாடிக் கூடுகின்றன. உள்ளான்களின் சமாசாரம் வேறு: சேற்றில் அலகூன்றி இரை தேடும் அச்சிறு ஜீவன்கள், கழுவெளியில் ஆழம் கூடியதும், மழையால் வேலை நின்றுபோன உப்பளப் பாத்திகளுக்கு நகர்ந்து, வரப்போரத்து விரற்கடை நீரில் ஓடியோடிக் கொத்தும் அழகை உங்கள் ஊரிலேயே பார்க்கலாம்.

வேட்டைக்காரர்களைப் பற்றிக் கேட்டீர்கள்; வேட்டைக்காரனுக்கு அனுகூலம் மழையைவிட வறட்சியே. நீர் சுருங்கச் சுருங்கப் பறவைகள் ஓரிடத்தில் நெருங்குகின்றன. ஆகையால், 1972-ஆம் வருஷத்து வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் அமலில் இருந்தும், 2021-இல் கழுவெளி பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டும், கண்ணிக்கும் வலைக்கும் எதிரான காவல் மிகக் கடுமையாக இருக்க வேண்டிய மாதம் மாசி என்பதே என் திடமான அபிப்பிராயம்.