மாமாவை வெல்லும் வழி

கேள்வி: ‘டிரிவியல் பர்சூட்’ என்னும் பொது அறிவுப் பலகை விளையாட்டை எவ்வாறு ஆடுவது? எல்லாம் தெரிந்த மாமாவே எப்போதும் வெல்வாரா?

பதில்: கனடாவின் மான்ட்ரியால் நகரில் 1979இல் கிறிஸ் ஹேனி, ஸ்காட் அபாட் என்னும் இரு பத்திரிகையாளர்கள் உருவாக்கிய இவ்விளையாட்டில், ஆட்டக்காரர் பகடையை உருட்டி, சக்கர வடிவப் பலகையில் தம் காயை விரும்பிய திசையில் நகர்த்தி, அது நிற்கும் கட்டத்தின் வண்ணம் குறிக்கும் துறையில் (புவியியல், பொழுதுபோக்கு, வரலாறு, கலை இலக்கியம், அறிவியல், விளையாட்டு ஆகிய ஆறனுள் ஒன்றில்) வினாவுக்கு விடை கூற வேண்டும். விடை சரியானால் அவரே மீண்டும் உருட்டுவார்; தவறினால் முறை அடுத்தவருக்குச் செல்லும். சக்கரத்தின் ஆரம் ஒவ்வொன்றும் விளிம்பைத் தொடும் தலைமைக் கட்டத்தில் சரியான விடை கூறினால் மட்டுமே, வட்டக் காயின் குழியில் பொருந்தும் முக்கோண வண்ணத்துண்டு கிடைக்கும்.

ஆறு வண்ணங்களையும் சேர்த்தவர் பலகையின் நடுவிடத்தைச் சரியான எண் விழுந்து அடைந்த பின், இறுதி வினாவுக்குரிய துறையை எதிராளிகளே தேர்ந்தெடுப்பர் என்பது இவ்விளையாட்டின் மிகச் சிறந்த விதி. மாமாவுக்கு எந்தத் துறை வராது என்பது அத்தைக்கு அட்டையைப் பார்க்காமலேயே தெரியுமாதலால், அவருடைய வெற்றி அங்கேதான் தடைப்படும். தனித்தனியே ஆடுவதைவிடப் பேரனும் பாட்டியும் ஓரணியாக ஆடுவது நன்று. திரைப்பாடகர் முதல் கோள்கள் வரை எதையும் அவ்வணி விட்டுவைக்காது.