தெருமுனைப் புத்தாக்க உணவகமும் அதன் எழுதிணை ஒழுக்கமும்

பாயிரம்

பாயிரம் இல்லாத நூல் நூலாகாது என்பது பவணந்தியார் வைத்த சட்டம். சிறப்புப்பாயிரத்தில் சொல்ல வேண்டியவை என்று நன்னூல் எட்டைக் கேட்கிறது. அத்தனைக்கும் பதில் எழுதினால் சாப்பாடு ஆறிவிடும். ஆகவே முக்கியமானவை மட்டும்.

நுதலிய பொருள்: சென்னைப் பேட்டைகளில் தனிவீடுகளின் தரைத்தளத்தில் முளைத்துவரும் ‘கிரியேட்டிவ்’ ரெஸ்டாரன்ட். எல்லை: ஆதம்பாக்கம், அதாவது மேற்கே ரயில்பாதை, கிழக்கே வேளச்சேரி, தெற்கே மடிப்பாக்கம், வடக்கே யாரோ தோண்டிவிட்டு மூடாமல் போன பள்ளம். யாப்பு: தொகைவிரி; பில் வரும்போது தொகை விரியும். கேட்போர்: ஞாயிறு மாலை ஆறு மணிக்கு ‘இன்னிக்கு ராத்திரி சமையல் கிடையாது’ என்ற அறிவிப்பைக் கேட்போர். பயன்: பசி தீர்தல். இது மட்டும் ஐயத்துக்குரியது; ஏன் என்பது போகப் போக விளங்கும்.

1. இலக்கணம்

ஒரு கடை இவ்வகையைச் சேர்ந்ததா, வெறும் ஓட்டலா என்பதை வாசலிலேயே கண்டுகொள்ளலாம். சுவரில் பூச்சு இருந்தால் ஓட்டல். காசு கொடுத்துப் பூச்சைச் சுரண்டிச் செங்கல்லைக் காட்டியிருந்தால் ரெஸ்டாரன்ட். ட்யூப்லைட் எரிந்தால் ஓட்டல். பல்புக்குள் இழை தெரிகிற மஞ்சள் விளக்கு தொங்கி, அதன் வெளிச்சத்தில் எதிரில் இருப்பவர் மாமாவா மாமியா என்று மட்டும் தெரிந்தால் ரெஸ்டாரன்ட். கார் ஷெட்டில் நான்கு மேசை. அவற்றில் ஒன்றுக்குப் பழைய தையல் மிஷினின் இரும்புக் கால். வீட்டுக் கிணற்றின்மேல் தடித்த கண்ணாடி போட்டு ஐந்தாவது மேசை. ஞாயிற்றுக்கிழமை அது வேண்டுமென்றால் புதன்கிழமையே சொல்லிவைக்க வேண்டும்.

பாத்திரங்களுக்கும் ஒரு விதி உண்டு. உணவுக்கென்று செய்த பாத்திரத்தில் உணவு வராது. உருளைக்கிழங்கு வறுவல் கைப்பிடி வைத்த குட்டி வாளியில் வரும். கபாப் குட்டி ஊஞ்சலில் ஆடிக்கொண்டு வரும். குல்ஃபி குட்டி சைக்கிள் ரிக்‌ஷாவில் ஏறி வரும். தட்டில் வருவது சட்னி மட்டும். அதுவும் பரிமாறியதாக இருக்காது, தூரிகையால் இழுத்ததாக இருக்கும். தொட்டுக்கொள்ள முயன்றவர்கள் இட்லியைத் தட்டில் தேய்த்துப் பார்த்துவிட்டு, இன்னும் கொஞ்சம் சட்னி கேட்டிருக்கிறார்கள். இன்னொரு கோடு கிடைத்தது.

2. முன்னோர் வரலாறு

சமையலில் புதுமை தங்களோடுதான் தொடங்கியது என்று இக்கடைகளின் சுவர் வாசகங்கள் சொல்கின்றன. வரலாறு உடன்படவில்லை.

1942இல் ஜப்பான் பர்மாவைப் பிடித்ததும் பர்மா அரிசி வரத்து நின்றது. அந்தப் போர்க்காலத்து அரிசித் தட்டுப்பாட்டில் ரவையை வைத்து இட்லி ஊற்றிப் பார்த்ததே ரவா இட்லி என்று பெங்களூர் எம்.டி.ஆர். சொல்லிக்கொள்கிறது. சிக்கன் 65க்கு மவுன்ட் ரோடு புஹாரி உரிமை கொண்டாடுகிறது, ஆண்டு 1965. 1975இல் மும்பை கிரிக்கெட் கிளப் ஆஃப் இந்தியாவில் அடுப்படியில் இருந்தவர் நெல்சன் வாங். சாப்பிட வந்தவர் ஒருவர் ‘புதுசா ஏதாவது’ என்று கேட்க, அவர் இஞ்சி, பூண்டு, பச்சை மிளகாயை நம் வழக்கப்படி வதக்கி, கரம் மசாலா போட வேண்டிய இடத்தில் சோயா சாஸை ஊற்றிச் சோளமாவில் கெட்டியாக்கினார். மஞ்சூரியாவுக்குச் சம்பந்தமே இல்லாத சிக்கன் மஞ்சூரியன் பிறந்தது. சில்லி பரோட்டாவின் பிறப்புச் சான்றிதழ் நம் கைக்குக் கிடைக்கவில்லை. பெற்றோர் யார் என்பதில் மட்டும் ஐயமில்லை: மத்தியானம் மிஞ்சின பரோட்டாவும் ராத்திரி ஷிஃப்ட் மாஸ்டரும்.

இவற்றை ஒப்புநோக்கினால் சமையல் புதுமைக்கு மூன்றே காரணங்கள் தேறும்: பஞ்சம், மிச்சம், நச்சரிப்பு. இன்றைய பேட்டைக் கடையில் நான்காவதாக ஒன்று சேர்ந்திருக்கிறது: ‘எதிர்த் தெருவுல ஒருத்தன் கடை தொறந்துட்டான்.’ முதல் மூன்றும் அடுப்படியில் பிறப்பவை. நான்காவது மெனு கார்டில் பிறந்து பிறகு அடுப்படிக்குப் போவது. இந்த வேறுபாட்டை வாசகர் மனத்தில் வைத்துக்கொள்க. நம் முடிபு இதன்மேல் நிற்கிறது.

3. நுரை, கோளம், புகை

ஸ்பெயினில் ரோசஸ் என்ற ஊருக்குப் பக்கத்தில் எல் புல்லி என்றோர் உணவகம் இருந்தது. அதன் தலைமைச் சமையலர் ஃபெரான் அட்ரியா 1990களில் உணவை நுரையாக்கிக் காட்டி உலகைத் திகைக்க வைத்தார். 2011இல் கடையை மூடிவிட்டார். நுரை மட்டும் அடங்காமல் ஊர் ஊராகச் சுற்றி, ஆதம்பாக்கத்தில் தேங்காய்ச் சட்னியின் மேல் வந்து உட்கார்ந்திருக்கிறது. இதில் நம்மவர் வியக்க என்ன இருக்கிறது? தலைக்கு மேலே தூக்கிய டம்ளரிலிருந்து இடுப்பளவில் பிடித்த டபராவுக்குக் காபியை இறக்கி, சொட்டுச் சிந்தாமல் நுரை கட்டும் மாஸ்டர் அட்ரியாவைக் கேள்விப்பட்டதே இல்லை.

கோளத்தின் கதையும் அப்படியே. சோடியம் ஆல்ஜினேட் கலந்த சாற்றைக் கால்சியம் கரைத்த நீரில் சொட்டினால் மேலே மெல்லிய தோல் கட்டி முத்து முத்தாகத் திரளும். இம்முறையில் புளிக்குழம்பைத் திரட்டி, ‘காவியார்’ என்று பெயரிட்டு, கரண்டிக்கு ஏழு முத்து வீதம் தருகிறார்கள். மரவள்ளி மாவை உருட்டி வறுத்து மூட்டை மூட்டையாக லாரி ஏற்றும் சேலத்து ஜவ்வரிசி ஆலைக்காரர்களின் கருத்து இன்னும் கேட்கப்படவில்லை.

புகைக்கு வருவோம். உலர்பனி என்பது உறைந்த கரியமில வாயு. வெப்பநிலை மைனஸ் 78.5 டிகிரி செல்சியஸ். உருகித் தண்ணீராகாமல் நேரே வாயுவாகும். மேசைமேல் வெள்ளையாகப் புரள்வது அந்த வாயு அன்று. கரியமில வாயுவுக்கு நிறமில்லை. அந்தக் குளிர்ச்சியில் சுற்றுக் காற்றின் ஈரம் துளித்துளியாகத் திரள்வதையே நாம் புகை என்கிறோம். ஆக, சென்னைக்காரர் சட்டையை ஆண்டு முழுக்க இலவசமாக நனைத்துவரும் அதே ஈரப்பதத்தை, பாயசக் கிண்ணத்தைச் சுற்றி நிறுத்திக் காட்டுவதற்குத் தனியாகக் காசு வாங்குகிறார்கள்.

4. தட்டியல்

கணிதத்துக்கு அஞ்சுவோர் இப்பகுதியைத் தாண்டிச் செல்லலாம். தட்டின் விட்டம் 30 செ.மீ. என்க. அதன் நடுவே, சற்றே இடப்புறம் தள்ளி, 8 செ.மீ. விட்டமுள்ள குட்டி அடை ஒன்று இருக்கிறது என்க. தட்டின் பரப்பு ஏறக்குறைய 707 சதுர செ.மீ. அடையின் பரப்பு 50. உணவு நூற்றுக்கு ஏழு. மீதித் தொண்ணூற்று மூன்றும் பீங்கான்.

இதிலிருந்து இரு விதிகள் கிடைக்கின்றன. தட்டு பெருக்க உணவு சிறுக்கும் என்பது ஒன்று. உணவு சிறுக்கப் பெயர் நீளும் என்பது மற்றொன்று. ‘அடை’ என்று இரண்டெழுத்தில் போர்டில் எழுதியிருந்த காலத்தில் அது இலையை மறைத்தது. மேலே வெல்லமும் வெண்ணெயும் வந்தன. இன்று அதன் பெயர் ‘மண்மணம் கமழும் ஐந்து பருப்பு அடை, வெல்லத் துகள், வெண்ணெய் மேகம்’. படித்து முடிப்பதற்குள் தின்று முடித்துவிடலாம்.

5. எழுதிணை

தொல்காப்பியம் அகத்திணையை ஏழாக வகுக்கிறது: முதலில் கைக்கிளை, கடைசியில் பெருந்திணை, நடுவே ஐந்திணை. குடும்பத்தோடு இக்கடைக்குப் போய்வரும் ஒழுக்கமும் ஏழாகவே அமைவது தற்செயல் என்று நாம் கருதவில்லை.

முல்லை: உரிப்பொருள் இருத்தல், பொழுது மாலை. வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி. நோட்டுப் புத்தகத்தில் பெயர் எழுதிக்கொண்ட பையன் ‘ஃபைவ் மினிட்ஸ் சார்’ என்பான். கருப்பொருள்: கொசு, பைக், உள்ளே சாப்பிட்டு முடித்தும் எழாமல் பேசிக்கொண்டிருக்கும் குடும்பம். ஆற்றியிருத்தல் கற்பு.

மருதம்: உரிப்பொருள் ஊடல். மெனு கார்டு கிடையாது, மேசையில் க்யூ.ஆர். கோடு. பெரியப்பா போனில் சார்ஜ் இல்லை. எல்லோரும் ‘எனக்கு எதுன்னாலும் பரவால்ல’ என்பார்கள். பிறகு எதைச் சொன்னாலும் வேண்டாம் என்பார்கள். ஊடல் முற்றும் இடத்தில் பரிமாறுகிறவர் வாயில் வேண்டும்.

‘டீகன்ஸ்ட்ரக்டட் சாம்பார் சாதம்னா என்னப்பா?’

‘சாதம், பருப்பு, காய், புளித்தண்ணி எல்லாம் தனித்தனியா வரும் சார். நீங்களே மிக்ஸ் பண்ணிக்கணும்.’

‘அப்ப சமைக்கிறது யாரு?’

குறிஞ்சி: உரிப்பொருள் புணர்தல். பண்டம் வந்துவிட்டது, கை நீள்கிறது. ‘யாரும் தொடாதீங்க!’ என்று கல்லூரியில் படிக்கும் பெண் எழுந்து நின்று, நாற்காலியை நகர்த்தி, தாத்தாவின் கண்ணாடிக்கூட்டைத் தள்ளி வைத்து, படம் எடுக்கிறாள். புகை அடங்கிவிட்டதால் இன்னொரு தடவை ஊற்றச் சொல்கிறாள். தலைவனும் தலைவியும் கூடுவதற்குள் பண்டம் ஆறிவிடுகிறது.

பாலை: உரிப்பொருள் பிரிதல். நாலு பேர் மேசைக்கு ஐந்து துண்டு வரும். ஆறு பேர் மேசைக்கு ஏழு அல்ல, ஐந்துதான். நான்குக்கு ஐந்து வந்தால் கடைசித் துண்டு அநாதையாகக் கிடக்கும். எல்லோரும் பார்ப்பார்கள், யாரும் எடுக்க மாட்டார்கள். ‘வேஸ்ட் ஆகுதே’ என்று சொல்லி அம்மா எடுத்து அப்பா தட்டில் வைப்பாள். அப்பா அதை உடனே தின்றுவிட்டு, ‘எனக்கு எதுக்கு?’ என்பார்.

நெய்தல்: உரிப்பொருள் இரங்கல். மரப்பெட்டியில் சோம்பும் கற்கண்டும், அடியில் பில். மத்திய ஜி.எஸ்.டி. 2.5 சதவீதம், மாநில ஜி.எஸ்.டி. 2.5 சதவீதம். ஐந்து என்று ஒரே வரியில் போட்டிருந்தால் ஒரு முறைதான் வலித்திருக்கும். கீழே சேவைக் கட்டணம் இருந்தால் இரங்கல் முழக்கமாகும். கேளாமல் அதைப் பில்லில் சேர்க்கலாகாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையிலேயே வழிகாட்டுதல் வெளியிட்டதைச் சித்தப்பா எடுத்துச் சொல்லத் தொடங்குவார். ‘விடுங்க, எல்லாரும் பாக்கறாங்க’ என்று சித்தி முடித்துவைப்பாள்.

கைக்கிளை: ஒருதலைக் காமம். தண்ணீர் கேட்டுப் பரிமாறுகிறவரை நோக்கிக் கை உயர்த்தியபடி இருத்தல். அவர் நம்மைத் தவிர எல்லாத் திசையும் நோக்குவார்.

பெருந்திணை: பொருந்தாதன கூடுதல். ரசம் கப்புச்சினோ, மீன் குழம்பு ரவியோலி, அல்வா நாச்சோஸ். விரித்துரைக்கத் தேவையில்லை.

6. தள்ளுவண்டித் தேர்வு

அஃதேல், இக்கடைகள் வீண் எனலாமோ எனின், அற்று அன்று. பஞ்சம் இல்லாத காலத்தில், மிச்சத்தை எல்லாம் ஃப்ரிட்ஜ் விழுங்கிவிடும் காலத்தில், யாராவது ஒருவர் கைக்காசைப் போட்டு, வாடகை கொடுத்து, கண்டதையும் கலந்து பார்க்கத்தான் வேண்டும். பத்தில் ஒன்பது தோற்கும். தோற்றதைத் தின்றவர்கள் என்ற முறையில் நமக்கும் இந்த ஆராய்ச்சியில் பங்குண்டு.

பத்தாவதை எப்படிக் கண்டுபிடிப்பது? பத்திரிகை விமர்சனமும் நட்சத்திர மதிப்பெண்ணும் உதவா. நாம் முன்வைப்பது தள்ளுவண்டித் தேர்வு. ஒரு பண்டம் தள்ளுவண்டிக்கு இறங்கும்போது தட்டு, பல்பு, செங்கல், புகை, நீண்ட பெயர் எல்லாம் கழன்றுவிடும். ருசியும் விலையும் மட்டும் ஏறும். அதன் பிறகும் கூட்டம் நின்றால் அதுவே புதுமை. புஹாரியின் கோழி இதில் தேறியது. இன்று தமிழ்நாட்டில் அது பொரியாத வாணலி இல்லை. நெல்சன் வாங்கின் பண்டம் கோழியையும் உதறிவிட்டுக் காலிஃப்ளவரோடு சேர்ந்து தேறியது. அடுப்படியில் பிறந்தவை இயல்பாகவே தேறுகின்றன. மெனு கார்டில் பிறந்தவற்றுக்குப் பெயரைக் கழற்றியதும் உயிர் போய்விடுகிறது.

நம் எல்லைக்குட்பட்ட கடையில் தேறியது ஒன்றே ஒன்று: விரல் நீளத்தில் நறுக்கிய மரவள்ளிக்கிழங்கைப் பொரித்து, இட்லி மிளகாய்ப்பொடியில் புரட்டி, நெய் விட்டது. குட்டி வாளியில் அதன் விலை 240 ரூபாய். அதே தெருவின் கோடியில், பள்ளத்துக்குப் பக்கத்தில் நிற்கும் பஜ்ஜி வண்டியில் இப்போது சாக்பீஸ் எழுத்தில் ஒரு வரி கூடியிருக்கிறது: ‘பொடி கெளங்கு 40’.

எங்கே கற்றீர்கள் என்று வண்டிக்காரரை விசாரித்தோம்.

‘அந்தக் கடைல வேலை பாக்குற பையன் டெய்லி இங்கதான் சார் டிபன் சாப்பிடுவான். அவன் சொன்னான். அவங்க நெய் ஊத்துறாங்க. சூடு போனா நாக்குல ஒட்டும். நான் நல்லெண்ணெய். பூண்டு ரெண்டு பல் தட்டிப் போட்டிருக்கேன்.’

இரண்டையும் அடுத்தடுத்துத் தின்று ஒப்பிட்டோம். மூலபாடம் கடையினது, கொள்ளத்தக்க பாடம் வண்டியினது என்க.