பால்கோவா ஊருக்கே அல்வா

ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாக் கடைக்கும் ராஜபாளையம் பேண்டேஜ் துணி வியாபாரிக்கும் ஒரே மின்னஞ்சல்: ‘அன்புள்ள ஐயா அல்லது அம்மா, உங்கள் இணையதளத்தில் பல குறைகள் கண்டோம். 30 நாளில் கூகுளில் முதலிடம், உத்தரவாதம்!’ கடைக்காரருக்கு இணையதளமே கிடையாது. குறையை எங்கே கண்டார்களோ! ஊரையே உயர்த்தும் மகாநிபுணருக்குச் சொந்த டொமைன் வாங்க வக்கில்லை, ஓசி ஜிமெயிலில்தான் கடிதம். முதலிடத்துக்கு யாராலும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளே எழுதிவைத்திருக்கிறது. நிபுணர் அதைத் தேடவில்லை போலும். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவோ 2019இலேயே புவிசார் குறியீடு வாங்கியது. ஆண்டாள் கோயிலுக்கு வருகிற கூட்டம் கூகுளைக் கேட்டா அரைக் கிலோ கட்டச் சொல்கிறது? முன்பணத்தை மட்டும் இன்றே கட்ட வேண்டுமாம். கட்டித் தொலைத்தவர்கள் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கு அழைக்கலாம். அந்த எண்ணை மட்டும் எந்த நிபுணரும் அனுப்புவதில்லை.