உங்கள் மருமகளுக்கு டீம் அமைந்துவிட்டது

அன்புள்ள அத்தானுக்கு,

ஆகஸ்ட் மாதம் முழுக்க எங்கள் வீட்டில் ஒரே பேச்சு: உங்கள் மருமகளை எந்த சாஃப்ட்பால் டீமில் சேர்ப்பது? கோவில்பட்டியில் ஹாக்கிக்கு ஆள் எடுக்கையில் நீங்கள் மைதானத்து ஓரத்தில் விசிலோடு நிற்பீர்கள். 'ஏலே, நீ நாளைக்கு வா' என்பீர்கள். அதோடு சரி. இங்கே டல்லாஸ் பக்கம் அப்படி இல்லை அத்தான், கல்யாணத்துக்கு வரன் பார்ப்பதே தேவலை.

இந்த ஆட்டம் 1887இல் சிகாகோவில், ஒரு கிளப் கட்டடத்துக்குள்ளே பிறந்தது. குத்துச்சண்டைக் கையுறைதான் பந்து, துடைப்பக் கட்டைதான் மட்டை. இப்போதோ பந்து கிரிக்கெட் பந்தைவிடக் கனம். 12 வயதுக்குட்பட்டோர் ஆட்டத்தில், பந்து போடுகிற பிள்ளை 40 அடி தூரத்தில் நின்று கையை ஒரு முழு வட்டம் சுழற்றி இடுப்புக்குக் கீழிருந்து விடும். வீட்டில் அதைப் பிடிக்கிறவன் நான். வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார வேண்டியது. இந்தத் தெருவில் பெண்பிள்ளை பெற்ற அப்பன்மார் பாதிப்பேருக்கு மாலை நேர ஆசனம் அதுதான். முழங்காலுக்குக் கீழே கன்றிப்போன இடத்தைப் பார்த்துவிட்டு உங்கள் தங்கச்சி, "ஹாக்கி ஆடின காலு, இதுகூடத் தாங்காதா?" என்கிறாள்.

டீம் பெயர்களைக் கேட்க வேண்டுமே! கோல்டு, பிளாட்டினம், பிரீமியர், நேஷனல். ஒரே கிளப்பில், ஒரே வயதில் நாலு டீம் இருக்கும். நாலாவதற்கும் தங்கத்துக்குக் குறைந்து பெயர் கிடையாது. தேர்வு அன்று பிள்ளைகள் முதுகில் எண் ஒட்டி வெயிலில் ஓடவிடுகிறார்கள். வெயில் நமக்குப் புதுசில்லை. அன்று ராத்திரியே போன் வரும்: "உங்கள் மகள் எங்களுக்கு வேண்டும், நாளை சாயங்காலத்துக்குள் முன்பணம் கட்டிவிடுங்கள்." சந்தா தனி, சீருடை தனி, மட்டை முந்நூறு நானூறு டாலர். வெளியூர்ப் போட்டி என்றால் அவர்கள் சொல்கிற ஓட்டலில்தான் தங்க வேண்டும். சொந்தக்காரர் வீடு எதிர்த்தெருவில் இருந்தாலும் அதே கதிதான்.

ஒரு கோச், பதினொரு வயதுப் பிள்ளைக்கு 'காலேஜ் எக்ஸ்போஷர்', அதாவது கல்லூரிக் கோச்சுகளின் கண்ணில் படும் வாய்ப்பு, வாங்கித் தருவேன் என்றார். இங்கே பிள்ளை 11ஆம் வகுப்புக்குப் போகிற வருஷம் செப்டம்பர் 1 வரும்வரை எந்த முதல் டிவிஷன் கல்லூரிக் கோச்சும் அவளோடு சேர்க்கை பற்றிப் பேசக் கூடாது என்று, கல்லூரி விளையாட்டுகளைக் கட்டுப்படுத்துகிற என்.சி.ஏ.ஏ. அமைப்பின் விதியே இருக்கிறது. அதைச் சொன்னதும் மனிதர் சட்டென்று சீருடையின் துணித் தரத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்.

இன்னொரு டீமின் அலமாரியில் கோப்பைகள் வரிசையாய் இருந்தன. எனக்கு ஆசைதான். விசாரித்தால், பந்து போடுவது கோச்சின் மகள், பந்து பிடிப்பது உதவிக் கோச்சின் மகள். களத்தில் ஒன்பது பேருக்குத்தான் இடம், டீமிலோ பதினாலு பேர். மீதி ஐந்து பேரில் யார் இருப்பாள் என்று கணக்குப் போட எனக்குக் கால்குலேட்டர் வேண்டியிருக்கவில்லை.

அதற்கப்புறம் கோப்பையைப் பார்ப்பதை விட்டேன். ஆட்டம் நடக்கிற இடத்துக்குப் போய், டீம் உட்காருகிற டக்-அவுட்டுக்குப் பின்னால் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். மூன்றாவதாகப் பார்த்த டீமில் ஒரு பிள்ளை கைக்கு வந்த பந்தைக் கோட்டைவிட்டுவிட்டு அழுதபடி உள்ளே வந்தது. நம்மூர் என்றால் அந்தப் பிள்ளைக்கு என்ன கிடைத்திருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை! (கோபிக்காதீர்கள், உங்களிடம் வாங்கியவர்களில் நானும் ஒருத்தன்.) இந்த டீமின் கோச் அம்மாள் பக்கத்தில் குனிந்து, "மத்தியானம் என்ன சாப்பிடப்போறே?" என்று கேட்டார். பிள்ளை கண்ணைத் துடைத்துக்கொண்டு 'பீட்சா' என்றது. அடுத்த சுற்றில் அதே பிள்ளை அதே மாதிரி வந்த பந்தை எடுத்து அவுட் ஆக்கியது. அந்த டீமில் மொத்தம் பதினொரு பேர்தான். பந்து போட இன்னொரு ஆளும் தேவை. பெயரில் தங்கமும் இல்லை, பிளாட்டினமும் இல்லை.

அங்கேயே பணம் கட்டிவிட்டேன். உங்கள் மருமகளுக்கும் பரம சந்தோஷம். ஆனால் அவள் காரணம் வேறு. மட்டை பிடிக்கிறவளை உற்சாகப்படுத்த டக்-அவுட்டில் நின்று மற்றவர்கள் பாடுவார்கள் அல்லவா, இந்த டீமில்தான் பாட்டு நன்றாக இருக்கிறதாம்!

2028 ஒலிம்பிக் லாஸ் ஏஞ்சலிஸில் என்றாலும், சாஃப்ட்பால் ஆட்டங்களை ஓக்லஹோமா சிட்டியில் வைத்திருக்கிறார்கள். எங்கள் வீட்டிலிருந்து காரில் மூன்று மணி நேரம்தான். அக்காவுக்கும் உங்களுக்கும் விசா வேலையை இப்போதே ஆரம்பியுங்கள். வரும்போது நம்மூர்க் கடலைமிட்டாய் இரண்டு கிலோ கூடுதலாக வேண்டும். இந்தப் பிள்ளைகள் சூரியகாந்தி விதையைக் கொறித்துக் கார் முழுக்கத் தோலைத் துப்பி வைக்கிறார்கள். டீமில் கடலை ஒத்துக்கொள்ளாத பிள்ளை யாருமில்லை என்று கேட்டு வைத்துக்கொண்டேன்.

அன்புடன்,
உங்கள் மச்சினன்