இருட்டுச் சிறுவாடு: மொட்டைமாடி வானோக்கர் பற்றிய ஓர் ஆய்வு

மின்வெட்டு இரவில் விண்மீன் பார்க்க மொட்டைமாடிக்கு ஏறுபவர், முதல் அரை மணி நேரம் வானத்தைப் பார்ப்பதாக எண்ணிக்கொண்டிருந்தாலும், உண்மையில் அவருடைய கண் இருட்டைக் காசு காசாகச் சேர்த்துக்கொண்டுதான் இருக்கிறது என்பது இத்துறையின் முதற்கோட்பாடு. இச்சேமிப்புக்கு இங்கு 'இருட்டுச் சிறுவாடு' என்று பெயரிடப்படுகிறது. அஞ்சறைப்பெட்டியில் கடுகுக்கு அடியில் சேரும் பணத்தைப் போல மெல்லச் சேர்ந்து, வெளிச்சத்துக்கு வந்த மாத்திரத்தில் மொத்தமாகக் காணாமற்போவது இதன் இயல்பு.

சேரும் பொருள் யாதெனில், மங்கலொளியில் பார்ப்பதற்கென விழித்திரையில் அமைந்த குச்சி செல்களில் உள்ள ரொடாப்சின் என்னும் நிறமியாகும். தவளையின் விழித்திரையில் இந்நிறம் வெளிச்சம் பட்டால் வெளுத்துப்போவதை ஃபிரான்ஸ் போல் 1876இல் கண்டார். இதன் ஆக்கத்தில் வைட்டமின் ஏ வகிக்கும் பங்கைத் துலக்கிய ஜார்ஜ் வால்ட் 1967இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். மாலைக்கண்ணுக்கு முருங்கைக்கீரையைப் பரிந்துரைத்துவந்த பாட்டிமார் எவரும் அப்பரிசில் பங்கு கேட்டதாகத் தெரியவில்லை. கண்பாவை சில நொடிகளில் விரிந்துவிடுவதாலும், பகலொளிக்கும் நிறத்துக்கும் உரிய கூம்பு செல்கள் பத்து நிமிடத்துக்குள் தேறிவிடுவதாலும், 'இருட்டு பழகிவிட்டது' என்று வானோக்கர் அவசரப்பட்டு அறிவிப்பதுண்டு. குச்சி செல்களோ முப்பது, நாற்பது நிமிடம் கேட்கின்றன.

சிறுவாட்டைக் களவாடுவது தெருவிளக்கன்று, வானோக்கரின் சட்டைப்பையே ஆகும். ஆண்ட்ரோமெடா விண்மீன்திரளிலிருந்து சுமார் 25 லட்சம் ஆண்டுகளுக்கு முன் புறப்பட்ட ஒளி, வழியில் எங்கும் நிற்காமல் வந்து விழிவாசலை அடையும் அதே கணத்தில், ரோஜாப்பூப் படத்துடன் ஒரு 'குட் நைட்' செய்தியும் வந்துசேர்கிறது. திரையை அணைத்துவிட்டு அண்ணாந்தால், விண்மீன்திரள் இருக்க வேண்டிய இடத்தில் செவ்வகமான ஒரு பேய்க்கறை மிதக்கிறது. இரவு நன்றாக இருக்க வாழ்த்தியவரே இரவைக் கெடுத்தார் என்பது நோக்கத்தக்கது.

பரிகாரமாகச் சொல்லப்படுவது சிவப்பு. குச்சி செல்கள் ஏறக்குறைய 500 நானோமீட்டர் அலைநீளமுள்ள நீலப்பச்சை ஒளிக்கே மிகவும் கூர்மையானவை என்பதாலும், 640க்கு மேற்பட்ட ஆழ்சிவப்பை அவை பெரிதும் பொருட்படுத்துவதில்லை என்பதாலும், சிவப்புத் திரையைக் கூம்பு செல்கள் படித்துக்கொண்டிருக்கக் குச்சிகள் தம் சேமிப்பைக் காத்துக்கொள்கின்றன. வான்வரைபடச் செயலிகளில் உள்ள சிவப்பு முறை இதற்காகவே. 'கண் பாதுகாப்பு' என்ற பெயரில் கைப்பேசி காட்டும் மஞ்சளை இதனோடு குழப்பிக்கொள்ளலாகாது. அதில் நீலம் குறைகிறதே தவிரப் பச்சை பெருமளவு எஞ்சியே இருக்கிறது. பழக்கூடைகளைச் சுற்றிவரும் சிவப்புக் கண்ணாடித்தாளைத் திரைமேல் போர்த்துவோர், ஒரு சுற்றில் நிறைவடையாமல், எழுத்து தட்டுத்தடுமாறித் தெரியும்வரை மடித்துக்கொண்டே போவது உத்தமம். காகித வரைபடத்தில் சிவப்பு மையால் அச்சானவை சிவப்பு வெளிச்சத்தில் மாயமாகிவிடும் என்பதையும் இங்கே சொல்லிவைக்க வேண்டும்.

அன்பினால் அடிக்கப்படும் டார்ச்சுக்கு இச்சாத்திரத்தில் பரிகாரம் இல்லை. "இருட்டுல என்னங்க பண்றீங்க?" என்றபடி, காபி டம்ளரை ஒரு கையிலும் கைப்பேசி விளக்கை மறுகையிலும் ஏந்திப் படியேறி வருபவர், படிக்கட்டை விட்டுவிட்டு நேராக முகத்தில் அடிக்கிறார். காபி இன்னும் கைமாறாத நிலையில் வானோக்கர் வாய்திறப்பது விவேகமன்று.

எஞ்சுவது ஒற்றைக்கண் முறை. இருட்டுக்குப் பழகும் தொழிலை ஒவ்வொரு கண்ணும் பெரும்பாலும் தனித்தனியாகவே நடத்துவதால், ஒரு கண்ணை இறுக மூடிக்கொண்டு மறுகண்ணால் திரையைப் பார்த்தால், பாதிச் சிறுவாடாவது தப்பும். வாமனரின் தர்ப்பையால் ஒரு கண்ணை இழந்த சுக்கிராச்சாரியார் பின்னும் வெள்ளியாக வானில் வீற்றிருப்பது, விண்ணுலகில் ஒற்றைக்கண் ஒரு குறையாகக் கருதப்படவில்லை என்பதற்குப் போதிய சான்று. மண்ணுலகில் மட்டும் ஒரு சிக்கல் உண்டு: எதிர்மாடியில் துணி எடுக்க வந்தவர் இதைக் கண்ணடிப்பதாக எடுத்துக்கொள்ளக்கூடும். இருட்டில் அது அவருக்குத் தெரியாது என்று வாதிடலாம். ஆனால் திரையின் வெளிச்சம் முழுவதும் வானோக்கரின் முகத்தில்தான் விழுந்துகொண்டிருக்கிறது.