எலி விலங்கல்ல

அமெரிக்கச் சட்டப்படி எலி ஒரு விலங்கல்ல. டார்வின் கண்ணுக்கே தப்பிய இந்த உண்மையை 2002-இல் உலகுக்கு அருளிய பெருமை, வட கரோலினா செனட்டர் ஜெஸ்ஸி ஹெல்ம்ஸைச் சேரும். விவசாய மசோதாவின் வாலில் அவர் முடிந்துவிட்ட ஒரு திருத்தத்தால், ஆய்வுக்கென்றே வளர்க்கப்படும் எலியும் சுண்டெலியும் பறவையும் விலங்குநலச் சட்டத்திலிருந்து கழன்றுபோயின. அடுத்த கூண்டில் இருக்கும் கினிப்பன்றி விலங்கு. முயலும் விலங்கு. ஆய்வுக்கூடத்திலேயே பிறந்து அங்கேயே சாகும் சுண்டெலி மட்டும் என்ன என்று சட்டம் சொல்லவில்லை, காய்கறியாக இருக்கலாம்.

அந்த விலங்குநலச் சட்டம் பிறக்கக் காரணமே இதய ஆய்வில் செத்த ஒரு நாய்தான். 1965 கோடையில் பென்சில்வேனியாவில் காணாமல்போன பெப்பர் என்ற டால்மேஷன், வியாபாரிகளிடம் கைமாறி, நியூயார்க் மருத்துவமனை ஒன்றில் பேஸ்மேக்கர் சோதனையில் உயிர்விட்டது. அடுத்த பிப்ரவரியில் ‘லைஃப்’ இதழ் நாய் வியாபாரிகளின் கொட்டில்களைப் படம்பிடித்துப் போட்டது. நாடே கொதித்தது, ஆகஸ்டில் ஜனாதிபதி ஜான்சன் கையெழுத்திட்டார். நாய்க்காக அழுதவர்களுக்கு ஓட்டு இருந்தது. எலி அழுதால் பூனை விடுமா?

அந்தச் சுண்டெலி செய்யும் ஊழியம் கொஞ்சமல்ல. நிமிடத்துக்கு ஐந்நூறு, அறுநூறு தடவை துடிக்கும் இதயம் அதற்கு. விலா எலும்புகளுக்கு நடுவே மார்பைத் திறந்து இடது இதயத்தமனியை நூலால் கட்டினால் மாரடைப்பு தயார். பெருந்தமனியோடு ஓர் ஊசியைச் சேர்த்து இறுக்கி முடிச்சுப்போட்டு, ஊசியை உருவிவிட்டால், சில வாரங்களில் இதயம் தடித்துத் தளர்ந்து போகும். மயக்கம் தெளிந்த பிறகு வலிமருந்தும் வெதுவெதுப்பும் கூடு கட்டக் கொஞ்சம் பஞ்சும் தேவை. அரசின் மருத்துவ ஆய்வுப் பணம் வாங்கும் கூடங்களுக்கு இதையெல்லாம் கேட்கும் தனி விதிகள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால், சொல்லாமல் கொள்ளாமல் வந்து கூண்டைத் திறந்து பார்க்கும் விவசாயத் துறை அதிகாரிக்கு எலியைப் பற்றிக் கேட்க அதிகாரமில்லை. அந்தத் துறையின் ஆண்டறிக்கையில் நாய் இத்தனை, பன்றி இத்தனை, குரங்கு இத்தனை என்று வரிசையாக இருக்கும். எலி எத்தனை? அந்தக் கட்டமே கிடையாது.

கேட்டால், காகித வேலை கூடிவிடுமாம், செலவு ஏறிவிடுமாம். அடடா! எலியின் மரபணுவை எழுத்தெழுத்தாகத் திருத்தத் தெரிந்த மேதைகளுக்கு அதன் தலையை எண்ணுவது பெரும்பாடாம்.

2002 பிப்ரவரியில் திருத்தம் கொண்டுவந்த செனட்டர் ஹெல்ம்ஸ், ஏப்ரலில் இதய வால்வு அறுவைக்குப் படுத்தார். மே மாதம் புஷ் கையெழுத்திட மசோதா சட்டமாயிற்று. இத்தகைய அறுவையில் ரத்தத்தை ஓட்டும் இயந்திரத்துக்கு மூத்த பாட்டன் ஒன்று உண்டு. அறுவை மருத்துவர் ஜான் கிப்பன் 1930-களில் அதைப் பூனைகளிடம்தான் பழகினார். டூனா மீனைக் காட்டி பாஸ்டன் தெருக்களில் சாக்கில் பிடித்த பூனைகள். செனட்டர் பிழைத்து எழுந்தார். நன்றிக்கடனைத்தான் முன்கூட்டியே தீர்த்துவிட்டிருந்தாரே!

எலிக்கு அந்தஸ்து வருவது ஒரே ஓர் இடத்தில்: மானிய விண்ணப்பத்தில். அங்கே அதன் பெயர் ‘விலங்கு மாதிரி’. மனித இதயத்துக்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது என்று பக்கம் பக்கமாக வாதாடுவார்கள். பணம் வந்து சேர்ந்ததும் சாட்சியைப் பலகையில் மல்லாத்திக் கட்டுவார்கள்.