ஊரே சேர்ந்து காதலிக்கும் ஊர்

நகரத்தில் ஒரு பெண்ணுக்கு எல்லாம் ஒரே வாரத்தில் போய்விடுகிறது. வேலை போகிறது, காதலன் போகிறான், வீட்டுக்காரர் வேறு காலி செய்யச் சொல்கிறார். பெட்டியைக் காரில் போட்டுக்கொண்டு, எல்லைப் பலகையில் மக்கள்தொகையை எழுதி வைத்திருக்கும் ஒரு சின்ன ஊருக்கு வருகிறாள். வந்த அரைமணி நேரத்தில் கார் பள்ளத்தில் இறங்கும், அல்லது மழை பிடித்துக்கொள்ளும். சட்டைக் கையை முழங்கை வரை மடித்துவிட்ட ஒருவன் எங்கிருந்தோ வந்து காரை இழுத்துவிட்டு, நன்றியைக்கூட வாங்கிக்கொள்ளாமல் முறைத்துவிட்டுப் போவான். இந்த இரண்டு பேருக்கும் கல்யாணம் என்று எனக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியும், அந்த ஊர்த் தபால்காரருக்கும் தெரியும். தெரியாதது அவர்கள் இருவருக்கும் மட்டும்தான். அவர்களுக்குத் தெரியவர முந்நூற்றைம்பது பக்கம் பிடிக்கும். அத்தனை பக்கத்தையும் ஒரு வரி விடாமல் படிக்கிற ரகம் நான்.

வங்கியில் கடன் பிரிவில் இருந்து ஓய்வு பெற்ற ஆண்பிள்ளை படிக்கிற சமாசாரமா இது என்று கேட்கலாம். மகள் கல்யாணமாகிப் போகும்போது விட்டுப்போன கிண்டிலில் இருந்தது இதுதான், நான் என்ன செய்ய? அட்டை வெளியே தெரியாது என்பது கிண்டிலின் பெரிய சௌகரியம். அட்டையில் சட்டையில்லாமல் ஒரு பிள்ளையாண்டான் நிற்பது எனக்கும் அமேசானுக்கும் மட்டும் தெரிந்த ரகசியம். பூங்கா பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்த பெரியவர், “கீதை விளக்கமா சார்?” என்றபோது, ஆமாம் என்றும் இல்லை என்றும் பொருள்படாத ஒரு கோணத்தில் தலையை ஆட்டிவைத்தேன்.

அமெரிக்காவில் சிற்றூர்க் காதல் என்ற இந்த வகைக்குத் தனி அலமாரியே உண்டு. அதற்கு இலக்கணம் என்று ராபின் கார் எழுதிய ‘வர்ஜின் ரிவர்’ நாவலைச் சொல்லலாம். 2007இல் வந்தது. அதே ஊரை வைத்து இருபதுக்கும் மேல் நாவல்கள் எழுதிவிட்டார். 2019இலிருந்து நெட்ஃப்ளிக்ஸ் தொடராகவும் ஓடுகிறது. லாஸ் ஏஞ்சலீஸில் கணவனைப் பறிகொடுத்த மெல் மன்றோ என்ற நர்ஸ், பிரசவம் பார்ப்பவள், விளம்பரத்தை நம்பி வட கலிஃபோர்னியக் காட்டுக்குள் இருக்கும் அந்த ஊருக்கு வருகிறாள். இலவச வீடு என்றார்கள். வீடு பாழடைந்து கிடக்கிறது. டாக்டருக்கு ஒத்தாசை என்றார்கள். அந்தக் கிழ டாக்டரோ எனக்கு யாரும் வேண்டாம் என்கிறார். போதுமடா சாமி என்று கிளம்பப் பார்க்கிறாள். விடிந்தால் டாக்டர் வீட்டு வாசலில் ஒரு பச்சைக் குழந்தை கிடக்கிறது. அப்புறம் எங்கே கிளம்புவது? அந்த ஊரில் பார் நடத்தும் முன்னாள் ராணுவக்காரன் ஜாக் ஷெரிடன், அவளிடம் சொல்லாமலே அந்த வீட்டைச் செப்பனிட்டு வைக்கிறான்.

இந்த இடத்தில் நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டேன். எங்கள் வீட்டுக் குளியலறைக்கு டைல்ஸ் மாற்ற, “நாளைக்கே வந்துடறேன் சார்” என்று மேஸ்திரி சொன்னது தை மாதம். ஆடியில் வந்தார், அளவெடுக்க. ஜாக்கின் மார்பகலத்துக்கும் தாடைக்கும் மயங்குகிறவர்கள் மயங்கட்டும். சொல்லாமல் ஆரம்பித்து, கேட்காமல் முடித்து, அட்வான்ஸ் வாங்காமல் போகிறான் பாருங்கள், அதற்குத்தான் இந்தப் புத்தகங்கள் லட்சக்கணக்கில் விற்கின்றன என்பது என் கட்சி. மனைவியிடம் கதையைச் சொன்னேன். “அவன் கட்டின கூரை ஒழுகலையா?” என்றாள். ஒழுகவில்லை என்றதும், “அப்போ அவனையே கட்டிக்க வேண்டியதுதானே, எதுக்கு இன்னும் இருநூறு பக்கம்?” என்றாள்.

ஆனால் கதாநாயகன் ஜாக் இல்லை, ஊர்தான். நான் வளர்ந்தது அம்பாசமுத்திரம் பக்கம். சிற்றூர் என்றால் என்னவென்று எனக்கு நாவல் வந்து சொல்லித்தர வேண்டியதில்லை. எண்பதுகளில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் வாசலில் ஒரு பையனும் பெண்ணும் நின்று, லோயர் பரீட்சைக்குப் பணம் கட்டக் கடைசி நாள் எது என்று பேசியிருப்பார்கள். பையன் சைக்கிளை மிதித்து வீடு சேருவதற்குள் செய்தி சேர்ந்திருக்கும். பெண் வீட்டில் மறுநாளிலிருந்து டைப்ரைட்டிங் நிறுத்தம், அதற்கடுத்த முகூர்த்தத்தில் நிச்சயதார்த்தம். கடைக்காரர், பஸ் கண்டக்டர், கோயில் வாசலில் பூ விற்கும் ஆச்சி என்று ஊரில் அத்தனை பேருக்கும் கண் இருந்தது. அந்தக் கண்ணுக்குப் பயந்தே ஒரு தலைமுறை தரையைப் பார்த்து நடந்தது.

அந்த அமெரிக்க ஊர்களிலும் அதே கண்கள்தான். நேற்றிரவு யார் கார் யார் வீட்டு வாசலில் நின்றது என்பது காலை காபிக்கு முன்னால் ஊருக்கே தெரியும். தெரிந்த பிறகு நடப்பதுதான் வேறு. ஆச்சி ஒருத்தி சுடச்சுட ஏதோ சமைத்து எடுத்துக்கொண்டு போய் அந்தப் பெண்ணுக்குக் கொடுத்து, ‘அவன் நல்ல பையன், கொஞ்சம் கோபக்காரன்’ என்று சான்றிதழ் தருகிறாள். மளிகைக்கடையில், இவர்கள் எப்போது சேருவார்கள் என்று பந்தயம் கட்டுகிறார்கள். வம்பு பேசிய வாயெல்லாம் வாழ்த்துகிறது. ஒருவரையும் யாரும் வெட்டவில்லை, ஊரைவிட்டு விலக்கவில்லை, பெண்ணின் படிப்பை நிறுத்தவில்லை. பறக்கும் டிராகன் வருகிற கதையைக்கூட நான் நம்பிவிடுவேன். இதை நம்பத்தான் கொஞ்சம் முயற்சி வேண்டியிருக்கிறது. முயற்சி பலித்துவிட்டால், அதில் கிடைக்கிற நிம்மதி இருக்கிறதே, அது எந்த டிராகனிடமும் கிடைக்காது.

டெபி மகோம்பர் இதை இன்னும் ஒரு படி மேலே கொண்டுபோனார். ‘சீடர் கோவ்’ என்ற அவருடைய ஊருக்கு மாதிரி, வாஷிங்டன் மாநிலத்தில் அவர் வாழ்ந்த போர்ட் ஆர்ச்சர்ட். 2001இல் வந்த முதல் நாவலில், குழந்தையைப் பறிகொடுத்த இளம் தம்பதி விவாகரத்து கேட்டு வருகிறார்கள். குடும்ப நீதிமன்ற நீதிபதி ஒலிவியா லாக்ஹார்ட் தர முடியாது என்று சொல்லிவிடுகிறார். சேர்த்து வைக்க நாட்டாமை வேறு, வக்கீல் வேறு தேவையில்லை, நீதிமன்றமே பஞ்சாயத்து. இந்த ஊர் நாவல்களின் தலைப்புகள் பெரும்பாலும் கதவு எண்ணும் தெருப் பெயரும்தான்: ‘16 லைட்ஹவுஸ் ரோடு’, ‘204 ரோஸ்வுட் லேன்’, ‘311 பெலிகன் கோர்ட்’. வாசகரைத் தபால்காரராக்கி வீடு வீடாக அனுப்பும் உத்தி. 2009இல் போர்ட் ஆர்ச்சர்ட்காரர்கள் தங்கள் ஊரையே சீடர் கோவாக வேடம் கட்டி விழா நடத்தினார்கள். கதைக்காக ஊரைக் கடன் வாங்கினார் அவர். ஊர் அதை வட்டியோடு வசூலித்துக்கொண்டது.

கடன் என்றதும் என் பழைய வியாதி தலைதூக்குகிறது. சில நூறு பேர் வாழும் ஊரில் ஒரு பேக்கரி, ஒரு புத்தகக் கடை, ஒரு பூக்கடை, கைவேலை மெழுகுவத்திக் கடை. எல்லாவற்றுக்கும் கதாநாயகியோ அவள் தோழியோ முதலாளி. 2023இல் வந்து சக்கைபோடு போட்ட லாரி கில்மோரின் ‘பம்ப்கின் ஸ்பைஸ் கஃபே’யில், அத்தை பரிசாகக் கொடுத்த காபிக் கடையை நடத்த ஜீனி என்ற பெண் வருகிறாள், அனுபவம் பூஜ்யம். இப்படியொரு திட்ட அறிக்கையோடு என் மேஜைக்கு வந்திருந்தால், ஜாமீன்தாரர் யார் என்றுதான் முதலில் கேட்டிருப்பேன். சிடுமூஞ்சி விவசாயி லோகன் என்று அவள் சொல்லியிருப்பாள். விவசாயக் கடன் நிலுவை என்று நான் அவனையும் திருப்பி அனுப்பியிருப்பேன். காதல் அங்கேயே முடிந்திருக்கும்.

இந்தச் சந்தேகத்தை முன்கூட்டியே அடைத்தவர் லூசி ஸ்கோர். 2022இல் வந்த அவர் நாவலின் நாயகன் நாக்ஸ் மோர்கன் லாட்டரியில் பணம் அடித்தவன். தீர்ந்தது பிரச்சினை. சூசன் மாலரியின் ‘ஃபூல்ஸ் கோல்ட்’ ஊரில் வேறு தட்டுப்பாடு: ஆண்களே போதவில்லை. அதைச் சரிசெய்யும் பொறுப்பு, புதிதாக வேலைக்கு வந்த நகரத் திட்ட அதிகாரியின் தலையில் விழுகிறது. குடிநீர், சாக்கடை, மாப்பிள்ளை என்று வரிசையாகக் கோப்பு நகர்த்துகிற அலுவலகத்தில் வேலை பார்க்க எனக்கும் ஆசைதான்.

முடிவு தெரிந்த கதையை எதற்குப் படிப்பது என்று என் நண்பர் கேட்டார். அவர் துப்பறியும் நாவல் ஆசாமி. நான் அவரை ‘வள்ளி திருமணம்’ நாடகத்துக்கு அனுப்பலாம் என்று நினைத்தேன். முருகன் வள்ளியைக் கட்டப்போவது கொட்டகையில் கடலை விற்கிறவனுக்கும் தெரியும். ஆனாலும் விடிய விடிய உட்கார்ந்திருப்பது எதற்கு? தினைப்புனத்தில் அவர்கள் இருவரும் போடும் தர்க்கத்துக்கு. வெளியூர்க்காரன் வருகிறான், முதல் சந்திப்பிலேயே சண்டை, அண்ணன்காரன் யானையாக வந்து ஒத்தாசை செய்கிறான். சிற்றூர்க் காதலுக்கு இதைவிட நல்ல வரைபடம் அமெரிக்காவில் கிடைக்காது.

அமெரிக்கக் காதல் எழுத்தாளர் சங்கம் 1980இல் தொடங்கியது. அவர்கள் போட்ட வரையறையில் இரண்டே நிபந்தனை: நடுநாயகமாக ஒரு காதல் கதை, மனம் நிறைகிற நம்பிக்கையான முடிவு. பமேலா ரெஜிஸ் என்ற பேராசிரியை 2003இல் எழுதிய புத்தகத்தில் காதல் நாவலுக்கு எட்டு உறுப்புகள் சொல்கிறார். அதில் ஒன்று, எல்லாம் செத்துப்போனதுபோலத் தோன்றும் கட்டம். நாவலின் முக்கால் பங்கில் அது வரும். நகரத்திலிருந்து அவளுக்குப் பெரிய வேலை அழைப்பு வரும், அவன் போ என்பான், அவள் அழுதுகொண்டே காரில் ஏறுவாள். ஒரே ஒரு கேள்வி கேட்டால் தீர்ந்துவிடுகிற விஷயத்தை இரண்டு பேரும் கேட்காமல் நாற்பது பக்கம் மெலிவார்கள். இதை மட்டும் என்னால் பொறுக்க முடிவதில்லை. போன் என்று ஒன்று கண்டுபிடித்து ஏறக்குறைய நூற்றைம்பது வருஷம் ஆகிறதே அம்மா!

இன்னொரு குறையும் உண்டு. சில நாவல்களில் படுக்கையறைக் கதவைச் சாத்திவிடுகிறார்கள், சிலவற்றில் சாத்துவதேயில்லை. எது எந்த ரகம் என்று அட்டையில் தெரியாது. ரயிலில் பக்கத்து இருக்கைக்காரருக்குப் பார்வை கூர்மை என்றால், எழுத்தின் அளவைக் குறைக்கிற பொத்தான் எங்கே இருக்கிறது என்று தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

சில நாவல்களில் நகரத்திலிருந்து ஊருக்கு வருகிறவன் ஆண்பிள்ளை. அவன் நகரத்திலேயே விட்டுவந்த பழைய காதலி என்ன ஆனாள் என்று யாரும் கேட்பதில்லை. எமிலி ஹென்றி கேட்டார். ‘புக் லவர்ஸ்’ (2022) நாவலின் நோரா, நியூயார்க்கில் இலக்கிய முகவர். அவளைக் காதலித்தவர்கள் சின்ன ஊருக்குப் போய் அங்கேயே ஒருத்தியோடு தங்கிவிடுகிறார்கள். நோரா வேலையில் மும்முரமாக இருக்கிறாள். அப்படிப்பட்டவளைத் தங்கை பிடித்து இழுத்துக்கொண்டு ஒரு சின்ன ஊருக்குப் போகிறாள். போன இடத்தில் யார் காத்திருக்கிறான்? நியூயார்க்கில் பார்த்துப் பார்த்து வெறுத்த அதே எடிட்டர். இந்த வகையைக் கிண்டல் செய்துகொண்டே, கடைசியில் இந்த வகைக்கே கும்பிடு போடுகிற கெட்டிக்கார நாவல்.

கதை நிஜத்தைத் தொட்ட இடம் மேரிலாந்தில் உள்ள பூன்ஸ்பரோ. நோரா ராபர்ட்ஸ் அங்கே ஒரு பழைய விடுதியை வாங்கிப் புதுப்பித்தார். 2008இல் பாதி வேலையில் தீப்பிடித்து, மறுபடி கட்டி, 2009இல் திறந்தார். பிறகு மாண்ட்கோமரி குடும்பத்து மூன்று சகோதரர்கள் அதே ஊரில் அதே விடுதியைப் புதுப்பிப்பதாக மூன்று நாவல் எழுதினார். இப்படி விளம்பரம் செய்ய எந்த ஓட்டல்காரருக்கு வாய்க்கும்? விடுதி அறைகளுக்கு இலக்கியக் காதலர்களின் பெயர். சேர்ந்து வாழ்ந்தவர்களுக்கு மட்டும்தான் இடம். எலிசபெத்தும் டார்சியும் இருக்கிறார்கள், ரோமியோவுக்கும் ஜூலியட்டுக்கும் அறை கிடையாது. நம்மூர் அம்பிகாபதி அமராவதி போய் நின்றாலும் வரவேற்பில் உதட்டைப் பிதுக்கியிருப்பார்கள்.

மூன்று சகோதரர்கள் என்பதுதான் வியாபாரத்தின் உயிர்நாடி. முதல் நாவலில் ஒருவன் கல்யாணம் முடியும்போதே, இரண்டாமவன் ஒரு பெண்ணோடு வாக்குவாதம் செய்துகொண்டிருப்பான். கடைசியாக இருப்பவனோ கல்யாணமே வேண்டாம் என்று மூலையில் நிற்பான். அவனைப் பார்த்ததும் வாசகர்கள் மூன்றாவது புத்தகத்துக்குப் பணத்தை எடுத்து வைத்துவிடுவார்கள். தரகர்களுக்கே இந்தத் தொழில் நுணுக்கம் தெரியாது.

மாண்ட்கோமரி சகோதரர்களின் முதல் நாவலைப் படித்து முடித்த இரவு, கதையை மனைவியிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டே காதில் போட்டுக்கொள்ளாததுபோலக் கேட்டாள். முதல் பையனுக்கு, குழந்தைகளோடு இருக்கிற ஒரு நல்ல பெண் அமைந்தாள் என்று முடித்துவிட்டு விளக்கை அணைக்கப் போனேன்.

“அந்த ரெண்டாவது பையனுக்கு ஏதாவது பார்த்திருக்காங்களா?” என்றாள்.

“அது அடுத்த புத்தகம்.”

“அப்போ அதை இறக்குங்க. தாயார் ஒத்தையா எத்தனை நாள் அலையும், மூணு பையன்களை வெச்சுக்கிட்டு.”